இட்டேரியில் வண்டி ஓட்டணும்னா முதல்ல மம்முட்டி வாங்குங்க

மூலனூர்ப் பக்கம் ஒரு இட்டேரி, வேலிகளுக்கு நடுவே ஓடும் மண்தடம். தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை, காலை ஏழு மணி இருக்கும். வளைவு திரும்பினால், நடுத்தடத்தில் கயிற்றுக்கட்டிலைப் போட்டு ஒரு ஆயா உட்கார்ந்திருந்தார். கையில் தொரட்டி. பின்னால் ஐம்பது செம்மறி. நாங்கள் ஆறு பைக்.

“ஏஞ் சாமி, இந்தத் தடம் உங்கப்பிச்சி போட்டதா?”

எஞ்சினை நிறுத்தினோம். யாருக்கும் பேச்சு வரவில்லை.

“போன வாரம் நீங்க போன சத்தத்துக்குச் செனையாடு ரெண்டு வேலிக்குள்ள பூந்து முள்ளுல கிழிச்சுக்கிச்சு. ஒண்ணு குட்டி வீசிருச்சு. இன்னைக்கு என்ற மேல ஏத்திட்டுப் போங்க.”

வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்தோம். அது 2018. எட்டு மாதம் அந்த இட்டேரி எங்களுக்கு இல்லை. பக்கத்து ஊர்க்காரர்களுக்கும் சேதி போய், இன்னும் இரண்டு தடத்தில் முள் வெட்டிப் போட்டு அடைத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். உங்கள் ஊரில் நாலு பேர் சேர்ந்து மண்தடத்தில் வண்டி ஓட்டுகிறீர்கள், அந்தத் தடம் பத்து வருஷம் கழித்தும் இருக்க வேண்டும் என்று நினைக்கிறீர்கள் என்றால் உதவும்.

என்னைப் பற்றி இரண்டு வரி. வெள்ளக்கோவில் பக்கம் மோட்டார் காயில் கட்டும் பட்டறை வைத்திருக்கிறேன். எக்ஸ்பல்ஸ் 200 ஓட்டுகிறேன். எங்கள் குழுவில் பதினாலு பேர்: விசைத்தறிக்காரர், எண்ணெய் மில் கணக்கர், வாத்தியார் இருவர், மிச்சம் விவசாயம். யாரும் பந்தயக்காரர்கள் இல்லை.

கொங்குப் பக்கம் தெரியாதவர்களுக்கு: இட்டேரி என்பது இரண்டு பக்கமும் கிளுவை வேலி நிற்க, நடுவில் போகும் மாட்டுவண்டித் தடம். காங்கேயம், தாராபுரம், வெள்ளக்கோவில் பக்கம் கொறங்காடு என்று மேய்ச்சல் நிலம் உண்டு. கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமுமாக, காங்கேயம் மாடும் செம்மறியும் மேய்வதற்கென்றே விட்ட காடு (எங்கள் பக்கம் காடு என்றால் வனமில்லை, சொந்த நிலம்). ஒவ்வொரு காட்டையும் சுற்றிக் கிளுவை வேலி. இரண்டு காட்டு வேலிக்கு நடுவே விட்ட வழிதான் இட்டேரி. அந்த வேலியில் பிரண்டை, கோவை, வேலிப்பருத்தி, முசுமுசுக்கை எல்லாம் ஏறிக் கிடக்கும். உடும்பு, கீரி, கவுதாரி, செம்போத்து, மழைக்கு வெளியே வரும் கட்டு ஆமை (நட்சத்திர ஆமை), எல்லாவற்றுக்கும் அதுதான் வீடு. வண்டி ஓட்டுபவனுக்குச் செம்மண், மணல், ஓடை, திடீர் வளைவு. தார் ரோட்டைக் குறுக்கே கடப்பதைத் தவிர, முப்பது நாற்பது கிலோமீட்டர் மண்ணிலேயே போய் வரலாம்.

இட்டேரி மூன்று விதமாகச் சாகும். பக்கத்துக் காட்டுக்காரர் வருஷத்துக்கு ஒரு முழமாக வேலியை நகர்த்துவார். அல்லது ஆள் நடமாட்டம் குறைந்து சீமைக்கருவேல் மூடிக்கொள்ளும். அல்லது தார் வரும். நாலாவது விதம் ஒன்று உண்டு. அது நாம்தான்.

காகிதத்தில் தடம் இருக்கிறதா

முதல் வேலை வண்டியில் இல்லை, கம்ப்யூட்டரில். வருவாய்த்துறையின் நிலச் சேவை இணையதளத்தில் மாவட்டம், வட்டம், கிராமம், புல எண் கொடுத்தால் அந்த எண் என்ன வகை நிலம் என்று சொல்லும் ‘அ’ பதிவேடும், அதன் எல்லைக்கோடுகளைக் காட்டும் புலப்படமும் காசில்லாமல் பார்க்கலாம். புலப்படத்தை எல்லோரும் எஃப்.எம்.பி. என்றுதான் சொல்வார்கள், ஆபீசில் அப்படியே கேளுங்கள். புல எண் தெரியாவிட்டால் பக்கத்துத் தோட்டக்காரரின் பட்டாவைப் பார்த்து அவர் எண்ணிலிருந்து தொடங்குங்கள். அதை ஒட்டிய எண் எது, அதை ஒட்டியது எது என்று பிடித்துக்கொண்டே போகலாம்.

‘அ’ பதிவேட்டில் அந்த எண்ணுக்கு நேராக அரசு புறம்போக்கு, வண்டிப்பாதை என்றோ பாதை என்றோ போட்டிருந்தால் நிம்மதி. அது பொதுவழி. பட்டா நிலம் என்று போட்டு, புலப்படத்தில் மட்டும் புள்ளிக்கோடாக வழி ஓடினால் அது வேறு கதை. அது தனியார் நிலத்துக்குள் பழக்கத்தில் இருக்கிற வழி. அங்கே உங்களுக்கு உரிமை என்று ஒன்றும் கிடையாது, நிலக்காரர் முகம்தான் கணக்கு.

ஒரு எச்சரிக்கை. புலப்படம் பெரும்பாலும் 1:2000 அளவில் இருக்கும். படத்தில் 1 செ.மீ. என்றால் காட்டில் 20 மீட்டர். ஆனால் ஏ4 தாளில் பிரிண்ட் எடுத்தால் படம் சுருங்கிவிடும். ஸ்கேல் வைத்து அளந்துவிட்டுப் போய்ச் சண்டை போடாதீர்கள். கோட்டின் மேல் எழுதியிருக்கும் மீட்டர் எண்ணை மட்டும் நம்புங்கள். எங்கள் வாத்தியார் ஒருவர் ஸ்கேல் வைத்து அளந்துவிட்டு, “தடம் மூணு மீட்டர்தான்” என்று ஒரு மாதம் சாதித்தார். எண் 6.2 என்று அவர் கட்டைவிரலுக்கு அடியிலேயே இருந்தது.

இப்போதைய பதிவேடு 1979 முதல் 1987 வரை நடந்த யூ.டி.ஆர். என்கிற நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில் உருவானது. அப்போது சில இடங்களில் பாதை பட்டாவுக்குள் போயிருக்கிறது. ஊரில் எல்லோரும் “அது எந்தக் காலத்திலிருந்தோ வண்டித்தடம்” என்று சொல்லி, பதிவேட்டில் இல்லாவிட்டால், அதற்கு முந்தைய எஸ்.எல்.ஆர். என்கிற பழைய செட்டில்மெண்ட் பதிவேட்டின் நகலைக் கேளுங்கள். கிடைக்காவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டி மனுப் போடுங்கள். 30 நாளில் பதில் சொல்ல வேண்டும். எங்களுக்கு ஒரு முறை வந்த பதிலில் வேறு ஊர்ப் படம் இருந்தது. மேல்முறையீட்டில்தான் சரியான நகல் கிடைத்தது. பொறுமை வேண்டும்.

இப்படி எங்கள் வட்டாரத்தில் இருபத்தொரு தடத்தின் படத்தை ஒரு ஃபைலில் போட்டு வைத்திருக்கிறோம். பச்சைப் பேனா என்றால் புறம்போக்கு. நீலம் என்றால் பட்டாவுக்குள், கேட்டுவிட்டுப் போக வேண்டியது. சிவப்பு என்றால் போகவே கூடாது.

மனுவில் கையெழுத்து யாருடையது

இட்டேரியை யாரோ அடைத்திருக்கிறார், படத்தில் 6 மீட்டர், தரையில் 2 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். சூடான ஆளாக இருந்தால் உடனே திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துக்கு மனு எழுதத் தோன்றும். எனக்கும் தோன்றியது. எழுதினேன். ஆக்கிரமிப்புச் சட்டம் 1905, நோட்டீஸ், சர்வேயர் எல்லாம் நடந்தது. தடம் அளந்து கல் போட்டார்கள். அடுத்த வாரம் அந்த ஊர் டீக்கடையில் எனக்கு டீ போடவில்லை. தடம் கிடைத்தது, ஊர் போய்விட்டது. இன்றுவரை அந்த வழியாக நாங்கள் போவதில்லை.

வழி நமக்கு விளையாட்டு. காட்டுக்காரருக்கு அது எரு வண்டி போகிற வழி, தட்டுப்போர் கொண்டுவருகிற வழி, பிரசவத்துக்குப் போகிற வழி. சட்டமும் அப்படித்தான் பார்க்கிறது. 1882ஆம் வருஷத்து ஈஸ்மெண்ட் சட்டத்தில், இருபது வருஷம் தடங்கலில்லாமல், பகிரங்கமாக, உரிமையோடு ஒரு வழியைப் பயன்படுத்தினால் வழியுரிமை வரும். அரசு நிலம் என்றால் முப்பது வருஷம். ஆனால் அந்த உரிமை ஒரு நிலத்தை அனுபவிப்பதற்காக அந்த நிலத்தோடு ஒட்டி வருவது. பக்கத்துக் காட்டுக்காரருக்கு வரும். ஞாயிற்றுக்கிழமை ஹெல்மெட் போட்டு வருகிறவனுக்கு எத்தனை வருஷம் ஓட்டினாலும் வராது.

அதனால் எங்கள் வழக்கம் இது: மனுவில் கையெழுத்து அந்தத் தடத்தை நம்பியிருக்கும் விவசாயி போட வேண்டும். நாங்கள் படம் எடுத்துக் கொடுப்போம், எழுதிக் கொடுப்போம், தாலுகா ஆபீசுக்குக் கூட்டிக்கொண்டு போவோம், மதியம் சாப்பாடு வாங்கிக் கொடுப்போம். பெயர் அவருடையது. அவர் வேண்டாம் என்றால் விட்டுவிடுவோம். வருஷத்துக்கு ஒரு தடவை, ஊர்களின் வருவாய்க் கணக்கைச் சரிபார்க்கும் ஜமாபந்தி வரும். அங்கே பாதைப் பிரச்சினையை எடுத்துப் போனால் வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார் எல்லோரும் கணக்குப் புத்தகத்தோடு ஒரே இடத்தில் இருப்பார்கள்.

இன்னொன்று, கொஞ்சம் கூச்சமான விஷயம். சில இட்டேரிகள் சுடுகாட்டுக்குப் போகும் ஒரே வழி. அது யாருக்கு வழி, யார் மறிக்கிறார்கள் என்பதற்குப் பின்னால் ஊரின் பழைய சாதிக்கணக்கு இருக்கும். அது தெரியாமல் “தடத்தைத் திறங்க” என்று போய் நிற்காதீர்கள். உங்களை ஒரு தரப்பு முன்னால் நிறுத்தி மறு தரப்பை அடிக்கும். முதலில் அந்த வழியில் நடந்து போகிறவர்களிடம் பேசுங்கள். அவர்கள் கேட்டால் மட்டும் கூட நில்லுங்கள்.

கிராமசபை வருஷத்துக்கு ஆறு நாள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. போய் உட்காருங்கள். வெளியூர்க்காரனாக இருந்தால் பேச வேண்டாம். அந்த ஊர்க்காரர் ஒருவர் உங்கள் குழுவில் இருந்தால் அவர் பேசட்டும்: “எங்க பசங்க அந்தத் தடத்துல முள்ளு வெட்டித் தர்றாங்கங்க, ஊராட்சிக்குச் செலவில்லைங்க.” இது தீர்மானப் புத்தகத்தில் ஒரு வரியாக ஏறிவிட்டால் பெரிய பலம். நாளைக்கு யாராவது போலீசைக் கூப்பிட்டால் காட்ட ஒரு காகிதம் இருக்கும்.

படல்

இதை மட்டும் நூறு தடவை சொன்னாலும் தகும். கொறங்காட்டுக்கு வாசலில் படல் இருக்கும், முள்ளும் குச்சியும் வைத்துக் கட்டியது. நீலப் பேனாத் தடங்களில் அதைத் திறந்துதான் போக வேண்டும். மூடியிருந்தால் திறந்து, போய், மூடுங்கள். திறந்திருந்தால் திறந்தபடியே விடுங்கள், காட்டுக்காரர் ஏதோ கணக்கோடு விட்டிருப்பார். முதல் வண்டிக்காரன் திறக்க வேண்டும், கடைசி வண்டிக்காரன் மூட வேண்டும், மூடியவன் கையைத் தூக்கிக் காட்ட வேண்டும். கையைப் பார்க்காமல் முன்னால் இருப்பவர் நகரக் கூடாது.

இந்தக் கை தூக்கும் வழக்கம் எப்படி வந்தது என்றால், 2020 புரட்டாசியில் எங்கள் கடைசி வண்டிக்காரன் படலைச் சாத்தினான், கட்டவில்லை. காற்று தள்ளிவிட்டது. உள்ளே மேய்ந்த மாடுகளில் இரண்டு வெளியே வந்து அடுத்த காட்டில் சோளப் பயிரில் இறங்கிவிட்டன. மழை தவறி, ஒரு அடி உயரத்தில் வாடி நின்ற இளஞ்சோளம். மாடு வைத்திருப்பவர்களுக்குத் தெரியும், அது விஷம். மதியம் போன் வந்து நாங்கள் போகும்போது ஒரு மாடு வாயில் நுரை தள்ளிக் கிடந்தது. இன்னொன்று கால் பின்னிக்கொண்டு நின்றது. கால்நடை டாக்டர் வந்து சோடியம் தயோசல்பேட் ஊசி போட்டார். நின்றது பிழைத்தது. கிடந்தது பிழைக்கவில்லை.

காட்டுக்காரர் ஒரு வார்த்தை திட்டவில்லை. மாட்டின் கழுத்து மணியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அன்று சாயந்திரமே ஆளுக்கு மூவாயிரம் போட்டு நாற்பத்திரண்டாயிரம் கொண்டுபோய்க் கொடுத்தோம். அவர் வாங்க மறுத்தார். அவர் சம்சாரம் வாங்கி வைத்தார். பணம் கொடுத்ததைவிட, அன்றே போனதுதான் காரியம் என்று இப்போது நினைக்கிறேன். அந்தக் காட்டு வழி இன்றும் எங்களுக்குத் திறந்திருக்கிறது. எல்லோரும் கையில் ஒரு முழம் நைலான் கயிறு வைத்திருக்கிறோம். பழைய கட்டு இற்றுப்போயிருந்தால் நாமே புதிதாகக் கட்டிவிட்டு வர வேண்டியது.

எக்ஸ்.எல்.லுக்கு வழி விடுங்கள்

இட்டேரியின் ராஜா எக்ஸ்பல்ஸ் இல்லை, ஹிமாலயன் இல்லை. டி.வி.எஸ். எக்ஸ்.எல்.தான். இரண்டு பக்கம் பால் கேன், முன்னால் தீவன மூட்டை, பின்னால் சம்சாரம், காலைத் தரையில் தேய்த்துக்கொண்டே அந்த மனிதர் போகிற மணலில் என் வண்டி திணறியிருக்கிறது. அவர் வந்தால் ஒதுங்கி, எஞ்சினை அணைத்து, அவர் போன பிறகு எடுங்கள். புழுதி அவர் பாலில் விழக் கூடாது.

பால் ஊற்றும் நேரம் காலை ஐந்தரை முதல் எட்டு. ஆடு பட்டிக்குத் திரும்புவது சாயந்திரம் ஐந்துக்கு மேல். நடுவில் இருக்கிற நேரம்தான் நம்முடையது. எட்டரைக்குத் தொடங்கி ஒரு மணிக்குள் முடித்துவிடுவோம்.

இரவு ஓட்டமே கிடையாது. காரணம் சொல்கிறேன். இருட்டில் இட்டேரியில் ஹெட்லைட் வெளிச்சம் ஆடினால் ஊர்க்காரர் மனதில் வருவது இரண்டு: முயல் வேட்டை, ஆடு திருட்டு. அதற்கு மேல், சில வருஷங்களாகப் பல்லடம், சிவகிரிப் பக்கம் தோட்டத்து வீடுகளில் தனியாக இருந்த பெரியவர்களைக் கொன்ற சம்பவங்கள் நடந்த பிறகு, தோட்டத்தில் இருப்பவர்கள் சாயந்திரம் ஆறுக்கே கதவைச் சாத்துகிறார்கள். அவர்கள் வாசல் வழியாக முகம் தெரியாத ஹெல்மெட்டோடு ஆறு பேர் போனால் என்ன நினைப்பார்கள்? வீட்டுப் பக்கம் வரும்போது கண்ணாடியைத் தூக்கி முகத்தைக் காட்டுங்கள். ஆள் நின்றால் நின்று ஊர், பெயர், இன்னார் மகன் என்று சொல்லுங்கள். எங்கள் பதினாலு பேரின் வண்டி எண், போன் எண் பட்டியலை லோக்கல் ஸ்டேஷனிலும் கொடுத்து வைத்திருக்கிறோம்.

சத்தம் பற்றிச் சுருக்கமாக: கம்பெனி சைலன்சர் மட்டும். வெளிச் சைலன்சர் போட்டவன் எங்களோடு வர முடியாது, அவன் எவ்வளவு நன்றாக ஓட்டினாலும் சரி. எங்களுக்கு மீட்டர் கிடையாது. நூறடி தள்ளி மேய்கிற செம்மறி தலையைத் தூக்கினால் சத்தம் அதிகம். குனிந்தபடியே மேய்ந்தால் சரி. ஆடு கண்ணில் பட்டாலே முதல் கியர், மந்தை தடத்தில் இருந்தால் எஞ்சின் நிறுத்தம், மேய்ப்பவர் கை காட்டும்வரை. இட்டேரியும் பொது இடம்தான், ஆர்.சி., இன்சூரன்ஸ், லைசென்ஸ் இல்லாத வண்டிக்கு அங்கே தனிச் சலுகை ஒன்றும் இல்லை.

வேலை நாள்

இதுதான் எங்கள் முழுக் கதையும். ஓட்டத்துக்கு நாலு ஞாயிறு இருந்தால் அதில் ஒன்று வேலைக்கு. தலைக்கு ஒரு மம்முட்டி, அருவாள், குழுவுக்கு இரண்டு கடப்பாரை, மூன்று கவைக்கோல், அதாவது நுனி கவடாக இருக்கும் கழி. கவைக்கோல் இல்லாமல் முள்ளைத் தொடாதீர்கள்.

சீமைக்கருவேலை வெட்டினால் மட்டும் போதாது. வெட்டிய கட்டையிலிருந்து ஒன்றுக்கு ஐந்தாய்த் துளிர்க்கும். மழை பெய்து இரண்டாம் நாள், மண் இளகியிருக்கும்போது கடப்பாரை போட்டு வேரோடு நெம்ப வேண்டும். கணுக்கால் கனத்துக்கு மேல் போனால் கையால் ஆகாது. அதை விட்டுவிட்டுச் சின்னதைப் பிடுங்குங்கள், சின்னதை விட்டால்தான் அது பெரிதாகும். வெட்டிய முள்ளைத் தடத்தில் ஒரு குச்சிகூட விடாமல் வேப்பங்கொத்தால் கூட்டி எடுக்க வேண்டும். நம் டயரைக் கிழிக்கிற முள், பால்காரர் டயரையும் கிழிக்கும். பஞ்சர் ஒட்ட அவர் டவுனுக்குத் தள்ளிக்கொண்டு போக வேண்டும்.

ஜே.சி.பி. வைத்தால் ஒரு மணி நேரத்தில் முடியுமே என்று வருஷா வருஷம் ஒரு புதுப்பையன் கேட்பான். முடியும். கருவேலோடு கிளுவையும் போய்விடும். கிளுவை போனால் வேலி இல்லை, வேலி இல்லாவிட்டால் காட்டுக்காரர் கம்பி வேலி போடுவார், கம்பி வேலி போடுகிறவர் கோட்டைச் சரியாகப் பிடிக்க மாட்டார். தடம் சுருங்கும். காற்றாலைக்காரர்கள் றெக்கை கொண்டுபோகத் தடத்தை அகலப்படுத்திய இடங்களில் இதைக் கண்ணால் பார்த்தோம். அகலமான தடம் கிடைத்தது. இட்டேரி போய்விட்டது.

அதனால் இடைவெளி விழுந்த இடத்தில் கிளுவை நடுகிறோம். மழை ஈரத்தில், நாலடி நீளப் போத்து (வெட்டிய கிளை), கட்டைவிரலைவிடக் கனமாக, ஒரு அடி மண்ணுக்குள். ஒரு சாண் இடைவெளி. முதல் வருஷம் நாங்கள் நட்ட எழுபதில் பதினொன்றுதான் பிழைத்தது. பார்க்க வந்த பெரியவர் ஒருவர் சிரித்துவிட்டு, “ஏனுங் தம்பி, பாதியத் தலைகீழா நட்டிருக்கறீங்க” என்றார். போத்தை வெட்டும்போதே அடிப்பக்கத்தைச் சாய்வாகவும் நுனியை நேராகவும் வெட்டினால் மாறாது. அதை அவர்தான் சொல்லிக் கொடுத்தார். அந்தப் பெரியவரை அடுத்த வேலை நாளுக்கு வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தோம். அன்றைக்கு ஊரிலிருந்து பத்துப் பேர் வந்துவிட்டார்கள், நாங்கள் என்னத்தைச் செய்கிறோம் என்று பார்க்க.

சரிவில் வண்டித்தடம் குழியாகிற இடம்தான் ரொம்ப வேலை வாங்கும். மழைத்தண்ணீர் சக்கரத் தடத்தையே வாய்க்காலாகப் பிடித்து ஓடும், வருஷத்துக்கு அரை அடி அரிக்கும். நாம் பின்சக்கரத்தைச் சுழற்றினால் இன்னும் சீக்கிரம். அதற்குக் குறுக்கு வரப்பு போட வேண்டும். தடத்துக்கு நேர்க்குறுக்காக இல்லை, சாய்த்து. தண்ணீர் வந்து முட்டாமல் ஓரமாக வழிந்து வெளியே போகிற மாதிரி. ஒரு சாண் உயரம் போதும். நாங்கள் முப்பது தப்படிக்கு ஒன்று போடுகிறோம், சரிவு கூடினால் இருபதுக்கு ஒன்று. தண்ணீர் வெளியேறும் பக்கம் யார் காடு என்று பார்த்துவிட்டுப் போடுங்கள். விதைத்த காட்டுக்குள் தண்ணீரைத் திருப்பிவிட்டால் அதோடு முடிந்தது உறவு. ஓடைப் பக்கம் திருப்புங்கள், அது முடியாவிட்டால் காட்டுக்காரரைக் கேட்டு அவர் காட்டும் இடத்தில் திருப்புங்கள். சில பேர் “இங்கயே விடுங்க, எங்கொளத்துக்குத் தண்ணி வரட்டும்” என்று சந்தோஷமாகக் கேட்பார்கள்.

நாங்கள் போட்ட முதல் வரப்பு நம் வண்டிக்கு அருமையாக இருந்தது, ஏறித் தாவலாம். மறுநாள் காலை பால்காரர் எக்ஸ்.எல். அதில் ஏறி இறங்கி, கேன் மூடி தெறித்து மூன்று லிட்டர் பால் மண்ணில் போனது. அதற்குப் பிறகு ஒரு சோதனை வைத்தோம். வரப்புக்கு முன்னும் பின்னும் மூன்று மூன்று அடிக்குச் சரிவு கொடுத்து மண் கெட்டிப்பட மிதிப்போம். இரண்டு கேனில் கழுத்து வரை தண்ணீர் நிரப்பி, மூடி போடாமல், எக்ஸ்.எல்.லில் கட்டி ஓட்டிப் பார்ப்போம். சிந்தினால் மறுபடி மம்முட்டி.

ஓடை கடக்கும் இடத்தில் சிமெண்டுக் குழாய் வேண்டாம், அடுத்த வெள்ளத்தில் அடைத்து ஓடையே வேறு வழி எடுக்கும். தட்டைக் கல்லை மணல் மட்டத்துக்குப் பதித்தால் போதும். மழை பெய்த பிறகு செம்மண்தடத்துக்கு ஒரு நாள், கரிசலுக்கு ஒரு வாரம் விடுப்பு. ஈரக் கரிசலில் ஒரு வண்டி போட்ட கோடு அடுத்த மழை வரை கல்லாகக் கிடக்கும், மாட்டுக்குக் கால் பிசகும்.

கட்டு ஆமை தடத்தில் வந்தால் நின்று அதை அதன் பாட்டுக்குப் போக விடுங்கள். எடுத்துப் பையில் போட்டால் வனஉயிரினச் சட்டம் 1972 பாயும். எங்கள் ஆள் ஒருவர் மகளுக்குக் காட்ட வேண்டும் என்று எடுத்தார். அவரிடமிருந்து வாங்கி வேலியடியில் விட்டுவிட்டு வந்தோம், அவர் ஒரு மாதம் பேசவில்லை.

சிவப்புப் பேனா

காப்புக்காடு வேண்டவே வேண்டாம். தெற்கே உடுமலை, அமராவதிப் பக்கம் ஆனைமலைப் புலிகள் காப்பகம். அங்கே அனுமதியில்லாமல் சக்கரம் வைத்தால் வழக்கு, வண்டி பறிமுதல் என்று போகும். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறப் போன 23 பேர் செத்த பிறகு நடைப்பயணத்துக்கே தனி விதி வந்துவிட்டது, வண்டிக்கு எங்கே இடம்? கீழ்பவானி, பி.ஏ.பி. (பரம்பிக்குளம் ஆழியாறு) வாய்க்கால் கரைகளும் சிவப்பு. கரையில் ஓட்ட ஆசையாகத்தான் இருக்கும், நேராக, நிழலாக. மண்கரை அது. ஒரு இடத்தில் உடைந்தால் கடைமடைக்காரர் பயிர் காயும். குளக்கரை, ஏரிக்கரை, கோயில் காடு, அறுவடை முடியாத காட்டின் வரப்பு, எல்லாம் இதே கணக்கு.

சங்கமாகப் பதிய வேண்டுமா என்று கேட்பார்கள். ஏழு பேர் இருந்தால் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975இல் பதியலாம். வருஷா வருஷம் கணக்குத் தாக்கல் செய்கிற ஒருவர் குழுவில் இருந்தால் பதியுங்கள். எங்களுக்கு எண்ணெய் மில் கணக்கர் இருக்கிறார். இல்லாவிட்டால் ஒரு நோட்டுப் புத்தகம் போதும்: எந்தத் தேதி, எந்தத் தடம், எத்தனை பேர், என்ன வேலை, யார் காடு. படம் எடுங்கள், ஆனால் தடத்தின் லொக்கேஷனோடு இன்ஸ்டாகிராமில் போடாதீர்கள். ஒரு முறை போட்டோம். மறு வாரம் கோயம்புத்தூரிலிருந்து முப்பது வண்டி. அந்தத் தடத்தைச் சரி செய்ய எங்களுக்கு மூன்று வேலை நாள் ஆனது.

தார் வந்தால்

அந்தக் கயிற்றுக்கட்டில் ஆயாவிடம் எட்டு மாதம் கழித்துப் போனோம், வண்டியில்லாமல், கடப்பாரையோடு. அவர் பட்டிக்குப் போகும் தடத்தில் ஓடைப் பக்கம் கருவேல் மூடியிருந்தது. இரண்டு ஞாயிறு வெட்டினோம். முதல் ஞாயிறு எட்டிப் பார்க்கவில்லை. இரண்டாவது ஞாயிறு மோர் கொண்டுவந்தார். “வண்டி எங்க?” என்று கேட்டார். ஊரில் விட்டுவிட்டு வந்தோம் என்றோம். “அடுத்த வாட்டி எடுத்துட்டு வாங்க. மெதுவா வாங்க.” அது எங்கள் வட்டாரத்திலேயே அருமையான தடம். நாலு கிலோமீட்டர், இரண்டு ஓடை, ஒரு இடத்தில் கிளுவை இரண்டு பக்கமும் மேலே கூடிக் குகை மாதிரி இருக்கும்.

போன வருஷம் அதற்குத் தார் ரோடு வந்தது. குழுவில் பாதிப் பேர் கிராமசபையில் எதிர்க்க வேண்டும் என்றார்கள். பல்லுயிர், பாரம்பரியம் என்று மனுகூட எழுதிவிட்டார் வாத்தியார். நான் கூடாது என்றேன், கத்தித்தான் சொன்னேன். அந்தத் தடத்தின் கோடியில் ஒன்பது வீடு இருக்கிறது. மழைக்காலத்தில் 108 ஓடைக்கு இந்தப் பக்கமே நின்றுவிடும், கட்டிலில் தூக்கி வருவார்கள். நாங்கள் கேட்டது ஒன்றே ஒன்று: வேலியை எடுக்காமல், இருக்கிற அகலத்துக்குள் போடுங்கள் என்று. ஒரு பக்கக் கிளுவை தப்பியது, இன்னொரு பக்கம் போய்விட்டது. குகை இல்லை.

கார்த்திகையில் ஆயாவுக்கு மூச்சு முட்டியபோது 108 வாசலுக்கே வந்ததாம். போன வாரம் பார்த்தேன், அதே கயிற்றுக்கட்டில், இப்போது திண்ணையில். ஃபைலில் அந்தப் படத்தின் மேல் குறுக்கே ஒரு கோடு இழுத்துவிட்டோம். இருபத்தொன்று இப்போது இருபது. வரும் ஞாயிறு வேலை நாள், உப்பாறு பக்கம் நீலப் பேனாத் தடம் ஒன்று, படல் இரண்டு. கவைக்கோல் ஒன்று உடைந்திருக்கிறது, யாராவது வெட்டிக்கொண்டு வாருங்கள்.